இருபது தப்புகளும் ஒரு குண்டூசியும்

ராஜபாளையத்தை விட்டு ஒரு மைல் தள்ளி வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். துரத்திக்கொண்டு யாரும் வரவில்லை. மில் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. நாலு வருஷம் வேலை பார்த்த அச்சாபீஸை உதறிவிட்டு வருகிறவனுக்குப் பின்னால், ஒரு ஆளாவது சைக்கிளில் வந்து "ஏலே, நில்லுலே" என்று கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு நடந்தேன்.

விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. இடது கைப் பக்கம் மலை கூடவே வந்தது. வலது காதில் வெயில் இளஞ்சூடாகப் பட்டது. முந்தின நாள் மழையில் ரோட்டுப் புழுதி படிந்து, செருப்பில்லாத காலுக்கு மெத்தென்று இருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, மைக்கூடு, தொட்டெழுதுகிற பேனா, ஒரு துண்டு கருப்பட்டி. காதில் ஒரு பென்சில். என் சொத்து முழுவதையும் எழுதிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து மணிக்குப் பரீட்சை. யுத்தத்துக்காகச் சென்னையில் புதிதாகத் திறந்த தந்திப் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் எடுத்தார்கள். தேறினால் எட்டு மாசம் தங்க இடம், மூன்று வேளைச் சோறு, பிறகு உத்தியோகம். தேறாவிட்டால் மறுபடி ரோடு. ராஜபாளையத்துக்குத் திரும்ப முடியாது. அந்தக் கதவை நானே சாத்திவிட்டு வந்திருந்தேன்.

பயந்திருக்க வேண்டும். எனக்கோ குஷி தாங்கவில்லை. ஆள் இல்லாத இடத்தில் இரண்டு தடவை குதித்துக்கூடப் பார்த்தேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. போகப் போக ரோட்டில் ஜனம் கூடிக்கொண்டே வந்தது. எல்லாரும் திருவண்ணாமலைக்கு. வடக்கே இருக்கிற ஊர் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் குன்றில் பெருமாள் நிற்கிற எங்கள் திருவண்ணாமலை. மஞ்சள் துணி கட்டிய ஒரு அம்மாள் எனக்குப் பக்கத்தில் வந்து, "ஏய்யா, மலைக்கா?" என்றாள்.

"இல்லக்கா, பரீட்சைக்கு."

"மீசை மொளச்ச பொறவா?"

"இப்பத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"சரி, பெருமாள்கிட்ட சொல்லி வைக்கேன். என்ன பரீட்சைன்னு சொல்லணும்?"

"இங்கிலீஷ்ல தப்பு இருக்கும். அதைத் திருத்தணும்."

அவள் யோசித்தபடியே பத்தடி நடந்தாள். "அது பெருமாளுக்குத் தெரியாதே ராசா. பேரை மட்டும் சொல்லு, மத்ததை அவரு பாத்துக்கிடட்டும்." சொன்னேன். "சுப்பையா, சுப்பையா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கூட்டத்தோடு முன்னால் போய்விட்டாள்.

திருத்தக் கூடாது என்கிற வேலை

இந்தத் தொடரைப் படித்துவிட்டு, சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார்: "நீங்கள் எந்த ஊரிலாவது ஒழுங்காக ஒரு வருஷம் தங்கியது உண்டா?" உண்டு ஐயா. ராஜபாளையத்தில் நாலு வருஷம்.

அந்த அச்சாபீஸில் இங்கிலீஷ் எழுத்துக் கோக்கிற ஆள் நான் ஒருவன்தான். நான் படித்தது இரண்டாம் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு வரை. அப்பா காலராவில் போனார், பள்ளிக்கூடம் நின்றது, சோறு தேடி ஊர் ஊராகப் போனேன். அதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதியாயிற்று.

எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் தினம் பத்து மணி நேரம் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடுக்கினால் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். 'ஹீ' பக்கத்தில் 'கோ' வந்து உட்கார்ந்தால் சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும். 'கோஸ்' வந்தால் மணல் போய்விடும். ஏன் என்று கேட்டால் முழிப்பேன்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஃபோர்மேன் சவரிமுத்து அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "ஏலே சுப்பையா, வந்த கையெழுத்துக் காப்பியில என்ன இருக்கோ அதைக் கோத்து வை. அதுல தப்பு இருந்தா எழுதினவன் தப்பு. நீ திருத்தினா அது நம்ம தப்பு."

வந்த தப்புகள் கொஞ்சமா! மில் நோட்டீஸ், வக்கீல் குமாஸ்தா எழுதுகிற மனு, சர்க்கஸ் விளம்பரம், பெரிய மனிதர்களை வரவேற்று வாசிக்கிற உபசாரப் பத்திரம். அத்தனை மணலையும் என் கையாலேயே அள்ளி அள்ளி அடுக்க வேண்டும். திருத்துகிற குறிகள் எல்லாம் எனக்கு அத்துபடி. எழுத்தின் மேல் ஒரு வெட்டு, ஓரத்தில் சரியான எழுத்து. வேண்டாததற்கு ஒரு சுழி. விட்டுப்போனதை நுழைக்க ஒரு கூம்பு. ஆனால் அந்தக் குறிகளை நாங்கள் கோத்ததில் வந்த பிழைக்கு மட்டுமே போடலாம். எழுதினவன் பிழைக்குப் போடக் கூடாது.

ஒரே ஒரு முறை கை மீறிப் போயிற்று. ஒரு ஜவுளி வியாபாரி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையே கைப்பட இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது. இரண்டே இரண்டு சொல், சத்தம் போடாமல் திருத்திவிட்டேன். அச்சாகிப் போன மறுநாள் வியாபாரி வந்து முதலாளி முன்னால் நின்று, பாதித் தெலுங்கில் கத்தினார். "ஏமிரா இது? என் மாப்பிள்ளை பி.ஏ. உன் ஆளு என்ன படிச்சிருக்கான்?" தப்புகளை அந்தந்த இடத்தில் மறுபடி வைத்து, எல்லாப் பத்திரிகையையும் புதிதாக அடித்துக் கொடுத்தோம். முதலாளி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம்தான் தந்திப் பள்ளி நோட்டீஸ் அச்சுக்கு வந்தது. ஆள் பஞ்சமான காலம், ஆகையால் சர்டிபிகேட் வேண்டாம், பரீட்சையில் தேறினால் போதும். ஒரே தாள், ஒரே நாள், ஒரே மணி. மதுரையில் உட்கார்ந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்தாலும் அதே கேள்வி. காலையில் இங்கிலீஷ்: தப்பான இருபது வாக்கியங்கள், அவற்றைத் திருத்த வேண்டும். மத்தியானம் கணக்கு.

தப்பைக் கண்டும் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு நின்றவனைத் தேடி அரசாங்கமே வந்து, "அப்பா, கொஞ்சம் திருத்திக் கொடேன்" என்று கேட்கிறது!

லீவு கேட்டேன். அண்ணாச்சி உள்ளே முதலாளியிடம் போய்விட்டு வந்தார்.

"அவிய இல்லைன்னுட்டாவ. போனா திரும்பி வர வேண்டாமாம்."

"அப்ப வரல அண்ணாச்சி."

"கிறுக்குப் பயலே. தேறலைன்னா எங்கலே போவ?"

"தேறுவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போ. அந்த இருபதையும் விடாத" என்றார். அதுதான் புறப்பட்ட கதை.

அரசாங்கம் வைத்த விருந்து

பரீட்சை நடந்தது ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில். ஹெட்மாஸ்டர் ஜேசுதாசன் சார் நெட்டையான மனிதர். மெதுவாகப் பேசினாலே மண்டபம் முழுக்கக் கேட்கும். அவருக்குத் துணையாக இங்கிலீஷ் வாத்தியார் ரங்காச்சாரி சார். நாமம், கறுப்புக் கோட்டு, மடியில் விதிப் புத்தகம். காலையில் எங்களுக்கு அதிலிருந்து பதினாறு விதிகளை வாசித்தார். நான் ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டுப் பேர். எனக்கு அடுத்த இடத்தில் பிளவக்கல் பக்கத்து மாடசாமி. கண்ணை மூடிக்கொண்டு இலக்கண விதிகளை ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நீரு எந்தப் புஸ்தகம் படிச்சீரு?" என்றான்.

"புஸ்தகம் இல்ல."

"பொறவு?"

"கல்யாணப் பத்திரிகை."

அவன் கண்ணை மறுபடி மூடிக்கொண்டான்.

மணி அடித்தது. அரக்கு உடைத்துத் தாள் கொடுத்தார்கள். ஆளுக்கொரு விடைப் புத்தகமும் கொடுத்தார்கள்; மேலட்டையில் நம்பரை எழுதி ஓரமாக வைத்தேன். வினாத்தாள் யுத்த காலத்து மெல்லிய காகிதம், ஒரு பக்கம் மட்டும் அச்சு. முதலில் மோந்து பார்த்தேன். நல்ல மை.

அச்சு கோக்கிறவன் எழுத்தைப் பார்க்கிற விதம் வேறு. அச்செழுத்து இடம் வலம் மாறி இருக்கும். அதையும் தலைகீழாக வைத்தே நாங்கள் படிப்போம். தாளைக் கவிழ்த்து, கீழ் ஓரம் மேலே வரும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பின்பக்கம் வழியாக எழுத்துகள் அச்சில் நிற்கிற மாதிரியே தெரியும். நான் அப்படிப் பிடித்தேன்.

ரங்காச்சாரி சார் வந்தார். "என்ன பண்றே?"

"படிக்கேன் சார்."

"பின்பக்கமாவா? தலைகீழாவா?"

"இப்படின்னாத்தான் சார் சீக்கிரம் கண்ணுல படும்."

அவர் ஹெட்மாஸ்டரைப் பார்த்து, தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

படித்தேன். ஆஹா, என்ன தப்புகள்! தமிழில் சொன்னால், 'எருதுகள் வண்டியை இழுக்கிறது', 'நேற்று ஊருக்குப் போவேன்' என்கிற ரகம். ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. தாளை நேராகத் திருப்பி வைத்து, காதிலிருந்து பென்சிலை எடுத்தேன். மேலே வெட்டு, ஓரத்தில் எழுத்து. சுழி. கூம்பு. வெட்டு. ஒன்பதாவது வாக்கியத்தில், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை செய்த அதே தப்பு. "வாரும் மாப்பிள்ளை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாடசாமி திடுக்கிட்டு மையைக் கொட்டினான்.

இருபது நிமிஷத்தில் இருபதும் முடிந்தது. கைக்கு இன்னும் பசி அடங்கவில்லை. தாளின் தலைப்பைப் பார்த்தேன். ஒரு எழுத்து தலைகீழாக நின்றது. அதற்கொரு குறி. கீழே பரீட்சார்த்திகளுக்கான குறிப்புகள். மூன்றாவது வரியில் ஒரு எழுத்து வேறு அளவு, பக்கத்து எழுத்தைவிடத் தடிமன். அதற்கும் ஒரு குறி. அச்சாபீஸ் வழக்கப்படி தாளின் அடியில் 'பார்த்தாயிற்று' என்று எழுதி, என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

வினாத்தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஹெட்மாஸ்டர் எதையோ எழுதிக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார். மைக்கூட்டைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை.

"எம்புட்டுப் பக்கம்?"

மத்தியானம் வேப்ப மரத்தடியில் மாடசாமி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை எனக்குத் தள்ளினான்.

"சீக்கிரமே கெளம்பிட்டீரே. எம்புட்டுப் பக்கம் எழுதினீரு?"

"பக்கமா?"

"நான் அஞ்சு பக்கம். இருபது வாக்கியத்தையும் திருத்தி முழுசா எழுதணும்லா."

"எதுல?"

அவன் சோற்றுக் கையை அந்தரத்தில் நிறுத்தினான். "விடைப் புஸ்தகத்துல. வேற எதுல எழுதினா செல்லாதுன்னு தாள்லயே போட்டிருந்துச்சே. மூணாவது வரி. படிக்கலையா வேய்?"

படித்தேன். மூன்றாவது வரியைத்தான் எல்லாவற்றையும்விடக் கூர்ந்து படித்தேன். அதிலிருந்த தடித்த எழுத்தைத் திருத்தியும் கொடுத்தேன். நாலு வருஷம் அப்படித்தான் படித்திருக்கிறேன். உபசாரப் பத்திரம் யாருக்கு, மனு எதற்கு என்று எனக்குத் தெரியாது. எழுத்து நேராக நிற்கிறதா என்று மட்டும் தெரியும். வரி என்ன சொல்கிறது என்று பார்ப்பது எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரின் வேலை இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளிச்சோறு புரையேறிற்று. மாடசாமி என் தலையில் தட்டிக்கொண்டே, "சிரிக்கீரே! உம்ம பொழப்பு போச்சு வேய், ஓடும்!" என்று கத்தினான். சிரித்துக்கொண்டேதான் ஓடினேன். பாதி வழியில்தான் சிரிப்பு நின்றது. மறுபடி ரோடா என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது விதியும் பதினோராவது விதியும்

ஹெட்மாஸ்டர் அறையில் என் விடைப் புத்தகம் மேசை மேல் விரிந்து கிடந்தது. வெள்ளையோ வெள்ளை.

"சார், செத்த நேரம் தாங்க. இங்கனயே நின்னு எழுதித் தாரேன். அம்புட்டும் தாள்ல இருக்கு."

ஜேசுதாசன் சார் மெதுவாகத் தலையாட்டினார். "மணி அடிச்சாச்சு தம்பி. இப்ப எழுதினா அது களவு. எனக்கு மனசு வரல."

ரங்காச்சாரி சார் தாள் கட்டுக்குள்ளிருந்து என் வினாத்தாளை உருவினார். "வினாத்தாள்ல எழுதப்படாது, ரெண்டாவது விதி! காலம்பற தொண்டை கிழிய வாசிச்சேன். பென்சில் வேற!" என்று கத்திக்கொண்டே பார்த்தார். கத்தல் குறைந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு... சரி. ஏழு... சரி. பதிமூணு, அட. அதுல பாதிப் பேர் விழுந்திருப்பான். இது என்ன, தலைப்புல ஒரு குறி?"

"எழுத்து கவுந்து நிக்குது சார்."

தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆமாம், கவுந்துதான் நிக்கறது! சார், இதைப் பாருங்கோ. மெட்ராஸ்ல அடிச்சு, சீல் வெச்சு அனுப்பினவனே பாக்கலை. நாமும் பாக்கலை."

ஹெட்மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கதவு அதிர்ந்தது. "கேள்வித்தாளையே திருத்திட்டானா! ரங்காச்சாரி, இருபதும் சரியா?"

"இருபதும் சரி. ஆனா விடைப் புஸ்தகம் காலி. அனுப்பினா பூஜ்யம்தான்."

வெளியே மாடசாமி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரங்காச்சாரி சார் விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்பினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பதினோராவது விதி. பரீட்சார்த்தி கையால் எழுதிய தாள் எதுவானாலும் அவனுடைய விடைப் புத்தகத்தோடு சேர்த்து இணைக்கப்பட வேண்டும். எதுவானாலும்!"

"வினாத்தாளுமா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எதுவானாலும்னா எதுவானாலும்தான். ரெண்டாவது விதியை இவன் மீறியிருக்கான், அதைக் குறிப்பெழுதி அனுப்பத்தான் போறேன். அதுக்காகப் பதினோராவது விதியை நாம மீறப்படாது." என்னைப் பார்த்து, "உன் மேல பரிவு ஒண்ணும் கிடையாது, தெரிஞ்சுக்கோ" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் கோட்டுக் காலரிலிருந்து ஒரு குண்டூசியை உருவினார். வெள்ளைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் தாளை வைத்து, ஓரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் குத்தினார். ஒரே குண்டூசி. எட்டு மாசச் சோறும் உத்தியோகமும் அதில் தொங்கிற்று.

மத்தியானக் கணக்குத் தாளை விடைப் புத்தகத்தில்தான் எழுதினேன். சுமார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

அன்று இரவு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு சார்களும் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி நின்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். விடைப் புத்தகங்கள் எல்லாம் உள்ளே. நாலு பக்கமும் அரக்கு. காலை ரயிலில் ஏற்ற வேண்டும். பியூன் முந்தின நாள் திருவண்ணாமலைக்கு மொட்டை போடப் போனவன், இன்னும் வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஞாயிறு ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போயாக வேண்டும், பாட்டுக்கு அவர் குரல்தான். ரங்காச்சாரி சார் காவலுக்குக் கூடப் போவார். பெட்டி சுமக்க மாட்டார்.

"நான் வாரேன் சார்" என்றேன்.

"பரீட்சை எழுதினவன் பெட்டியைத் தொடலாமோ?" என்றார் ரங்காச்சாரி சார். உடனே புத்தகத்தைப் பிரித்தார். பதினாறு விதிகளையும் படித்து முடித்து, "சுமக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை" என்றார். ஹெட்மாஸ்டர் வீட்டிலிருந்து நாலு தோசை வந்தது. தின்றுவிட்டு, பையிலிருந்த வேட்டியைச் சும்மாடு கட்டிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு மாட்டு வண்டிக்காரன் பக்கத்தில் வந்து நிறுத்தினான். "ஸ்டேஷனுக்குத்தான? வைங்க, நானும் அங்கதான் போறேன்."

"வேண்டாம்ணே."

"ஏன்டா, சும்மாதானே கூப்பிடறான்?" என்றார் ரங்காச்சாரி சார்.

"வண்டி குலுங்கும் சார்."

"குலுங்கினா என்ன?"

"குண்டூசி கழண்டுரும் சார்."

அவர் வண்டியைப் போகச் சொன்னார். பிறகு அவரும் நடையைக் குறைத்தார். கொஞ்ச தூரத்தில் தூறல் விழுந்தபோது குடையை விரித்துக் கையை உயர்த்திப் பெட்டிக்கு மேலே பிடித்தார். நான் நனைந்தேன், அவரும் நனைந்தார். அடி மேல் அடி வைத்து, மேடு பள்ளம் பார்த்து நடந்தோம். எனக்கு மறுபடி குஷி வந்துவிட்டது. குதிக்கத்தான் முடியவில்லை.

சென்னையில் அந்தத் தாளைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. பதில் போகிற முகவரியாக விண்ணப்பத்தில் நான் கொடுத்திருந்தது, திரும்பிப் போக முடியாத அந்த ராஜபாளையம் அச்சாபீஸ். வேறு முகவரி எனக்கு ஏது? அன்று காலை அந்த நினைப்பே இல்லை.

ரயில் வர நேரமிருந்தது. பார்சல் குமாஸ்தா, பெட்டிக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு ஒரு வாத்தியாரும், கண்ணிமைக்காமல், தலை அசையாமல் நடக்கிற ஒரு கூலியும் வருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"உள்ள என்ன, கண்ணாடிச் சாமானா?"

ரங்காச்சாரி சாருக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஆமா. மெதுவா இறக்குங்க."